ஆய்வு முடிவுகளை மலைப்பள்ளி வகுப்பறைக்குள் கொண்டுவருவது எப்படி?

சேரம்பாடி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எட்டு வகுப்புகளுக்கு ஐந்து ஆசிரியர்கள் இருக்கிறோம். தாயகம் திரும்பிய தமிழர் குடும்பங்களின் பிள்ளைகள், பழங்குடிகளான பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள், வீட்டில் மலையாளம் பேசுபவர்கள், தோட்ட வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் என எல்லோரும் ஒரே வகுப்பில்தான் அமர்கிறார்கள்.

வட்டார வள மையத்தில் நடக்கும் பயிற்சிகளில் பள்ளி உளவியல் பற்றி நிறையவே சொல்லித்தருகிறார்கள். "ஆய்வுகள் நிரூபித்துள்ளன" என்ற தொடரை ஒரு நாளில் பலமுறை கேட்டுவிட்டு, மாலையில் வருகைப் பதிவில் கையெழுத்திட்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறோம். கேட்டவை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை எங்கள் பள்ளிக்குள் வந்ததும் ஏன் நிலைப்பதில்லை என்பதே என் கேள்வி. மூன்று நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து விடை சொல்லச் செய்வதே நீண்ட நாள் மனத்தில் நிற்கும் என்று கற்பித்தார்கள். ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் தினமும் வாய்மொழி வினாக்கள் கேட்கத் தொடங்கினேன். ஜூன் மாதம் நன்றாகவே நடந்தது. ஜூலையில் மழை பிடித்ததும் தகரக் கூரையின் இரைச்சலில் நான் கேட்பது அவர்களுக்கும் அவர்கள் சொல்வது எனக்கும் கேட்கவில்லை. வழியில் யானை நிற்கிறது என்று பாதிப் பிள்ளைகள் பத்தரை மணிக்கு மேல்தான் வந்து சேர்கிறார்கள். ஓரிருவர் சொல்லும் விடையை மற்றவர்கள் கோரஸாகத் திரும்பச் சொல்வதுதான் மிஞ்சியது.

இரண்டாவது, நான்காம் வகுப்பில் பணியர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு சிறுமி இருக்கிறாள். தனி எழுத்துகளை வாசித்துவிடுகிறாள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வரும் இடத்தில் நின்றுவிடுகிறாள். கற்றல் குறைபாடு இருக்கலாம், மதிப்பீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

மூன்றாவது, பிள்ளைகள் தங்கள் கவலைகளை எழுதிப் போடுவதற்கான "மாணவர் மனசு" பெட்டி. திறந்து பார்த்தால் காலியாக இருக்கிறது, இல்லாவிட்டால் பென்சில் காணாமல் போன புகார் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு வேறு கவலையே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஓர் ஆய்வு முடிவில் எதை மாற்றவே கூடாது, எதை எங்கள் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? செய்தது பலித்ததா இல்லையா என்பதை நாங்களே அறிய வழி உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

குன்னூர் ஆலோசகர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் குன்னூர்ப் பகுதிப் பள்ளிகளில் மாணவர் மனநல ஆலோசகராக இருக்கிறேன். உங்கள் மூன்றாவது நிகழ்விலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தப் பெட்டிக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகளில் "சேஹர்" என்ற திட்டத்தைச் சோதித்து, அதன் முடிவை 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கருத்துப் பெட்டி, சுவர் இதழ், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உரையாடல், மாணவர் குழுக்கள், தேவைப்படுவோருக்குத் தனி ஆலோசனை ஆகியவை அதில் இருந்தன. பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் இந்த வேலைக்கென்றே அமர்த்தப்பட்ட ஒருவர் அத்தனையையும் நடத்தினார். அவர் உளவியல் படித்த நிபுணர் அல்லர், உரிய பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரி. இன்னொரு பிரிவில் அதே பணிகளை அந்தப் பள்ளியிலேயே வேலை செய்யும் ஓர் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். மூன்றாம் பிரிவில் இவை எதுவும் இல்லை. தனியாக ஒருவர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் குறித்த மாணவர்களின் மதிப்பீடு உயர்ந்தது, மனச்சோர்வு அறிகுறிகளும் சக மாணவர்களின் துன்புறுத்தலும் குறைந்தன. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. இரண்டு பிரிவிலும் பெட்டி அதே பெட்டிதான்.

இதைப் படித்துவிட்டு ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று பொருள் கொள்வது அநியாயம். பாடமும், எமிஸ் எனப்படும் கணினிவழி மாணவர் விவரப் பதிவும், சத்துணவுக் கணக்கும், தேர்தல் பணியும் ஒருவர் தலையிலேயே இருக்கும்போது ஐந்தாவதாக ஒன்றை ஏற்றினால் அது இறங்கிவிடும். அதோடு, தன்னை மதிப்பிட்டு மதிப்பெண் போடும் ஒருவர் திறக்கப்போகும் பெட்டியில் ஒரு பிள்ளை எதை எழுதும்? உங்கள் பள்ளியில் பெட்டியைத் திறப்பவர் யார், எந்த நாளில் திறக்கிறார், எழுதியதற்கு என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா என்பதை முதலில் பாருங்கள். இயன்றால் அந்தச் சாவியைப் பாடம் எடுக்காத ஒருவரிடம் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பிள்ளைகள் நம்பும் ஒரு பெண்மணி இருந்தால்கூடப் போதும். வந்த பிரச்சினையில் பெயர் சொல்லாமல் பொதுவாகச் சொல்லக்கூடிய ஒன்றைக் காலை வணக்கத்தில் எடுத்துச் சொல்லி, அதற்கு என்ன செய்யப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். காகிதத்தில் வரும் விஷயம் பென்சிலைத் தாண்டிப் போகும். பெரிய விஷயம் ஏதேனும் வந்தால் அதைப் பள்ளிக்குள் பேசித் தீர்த்துவிடலாம் என்று நினைக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள்.

இதையே வேறொரு கோணத்தில் காட்டும் ஆய்வுத் தொடர் ஒன்றும் உண்டு. பிள்ளையின் வயதைப் பார்க்காமல், இப்போது எந்த நிலையில் வாசிக்கிறாள் என்று பார்த்துக் குழு பிரித்துக் கற்பிக்கும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் முறையைப் பானர்ஜி, டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் பல மாநிலங்களில் ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். நம் "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் இந்தச் சிந்தனைக்கு நெருங்கியதே. பீகாரிலும் உத்தராகண்டிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருள்களும் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பள்ளி நேரத்தில் கற்றல் உயரவில்லை, ஏனென்றால் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் யாரும் அதைச் செய்யவே இல்லை. 2012-13-ல் ஹரியானாவில் இரண்டை மாற்றினார்கள். இதற்கென்றே நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். மேற்பார்வையிட வரும் வட்டார ஒருங்கிணைப்பாளர்கள் தாங்களே இரண்டு மூன்று வாரம் பிள்ளைகளுக்கு அந்த முறையில் கற்பித்துப் பழகிய பிறகே ஆசிரியர்களிடம் வந்தார்கள். அங்கே மொழித்திறன் உயர்ந்தது. கணக்கில் உயரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது உங்கள் வினாக்கள். நினைவிலிருந்து எடுப்பது பற்றி உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட சோதனையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம், வாசித்த பிறகு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். ஆகவே அன்று மாலையே பலனை எதிர்பார்த்தால் இந்த முறை தோற்றதுபோலத்தான் தெரியும். இதில் மாற்றக்கூடாதவை மூன்று: ஒவ்வொரு பிள்ளையும் தானே நினைவிலிருந்து எடுக்க வேண்டும், சரியான விடை சற்று நேரத்தில் தெரிய வேண்டும், சில நாள் இடைவெளி விட்டு அதே விஷயம் மறுபடி வர வேண்டும். வாய்மொழியாக இருக்க வேண்டும் என்றோ, தினமும் நடக்க வேண்டும் என்றோ, மதிப்பெண் போட வேண்டும் என்றோ எந்தக் கட்டாயமும் இல்லை. மழைக்காலத்தில் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சிலேட்டில் விடை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தகரக் கூரை எவ்வளவு இரைந்தாலும் சிலேட்டு கண்ணுக்குத் தெரியும், கோரஸுக்கும் அங்கே இடமில்லை.

---

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கோத்தகிரி எழுதியது:

ஆலோசகர் தம்பி சொன்ன பீகார் ஆய்வை நானும் அறிவேன். ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தனியாக ஒருவரை அமர்த்து என்பது சமவெளியில் எளிது. மலைக்கு அமர்த்தப்படுபவர் ஒரு பனிக்காலம் தாண்டியதும் மாறுதல் கேட்டு இறங்கிவிடுகிறார். பிறகு அந்தப் பள்ளியில் மிஞ்சியிருப்பவர் ஆசிரியர்தான். 2011-ல் டர்லாக் என்ற ஆய்வாளரின் குழுவினர், சமூக, உணர்வுத் திறன்களைக் கற்பிக்கும் 213 திட்டங்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, வகுப்பாசிரியர்களே நடத்திய திட்டங்கள் நல்ல பலன் தந்ததைத்தான் கண்டார்கள். சொன்னபடி நடத்தாத இடங்களில் பலன் குறைந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை செல்வந்த நாட்டுப் பள்ளிகள், இது தம்பிக்குச் சாதகமான வாதம் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஆசிரியரால் ஆகாது என்று முடிவு கட்டுவதற்கு முன், ஆசிரியர் தலையிலிருந்து எதை இறக்கப்போகிறோம் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை யாரும் சுற்றறிக்கையில் எழுதுவதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஆய்வைச் செயல்படுத்துவது என்றாலே புதிதாக ஒன்றைச் சேர்ப்பது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். செய்துகொண்டிருக்கும் ஒன்றை நிறுத்துவதும் செயல்படுத்துவதுதான், அதற்குச் செலவும் கிடையாது.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் உத்தரப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிகளில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குச் சிக்கல்வழிப் புதிர்களைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். சாதி சொல்லப்படாத குழுக்களில் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் மற்றவர்களும் ஏறத்தாழச் சமமாகவே தீர்த்தார்கள். பெயர், தந்தை பெயர், ஊர், சாதி ஆகியவற்றை எல்லோர் முன்னும் வாசித்த பிறகு அதே புதிர்களைக் கொடுத்தபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் பின்தங்கிவிட்டார்கள். புதிரும் மாறவில்லை, சிறுவர்களின் அறிவும் மாறவில்லை.

இப்போது நம் பள்ளிகளில் ஜூன், ஜூலையில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கல்வி உதவித்தொகைக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும். சாதிச் சான்று வராதவர்கள் யார், வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். "எஸ்.டி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்" என்று பாடவேளை நடுவில் ஒருவர் வாசலில் நின்று சொல்கிறார். நாலைந்து பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள், மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் கணக்குப் பாடம் தொடர்கிறது. கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்வதில்லை, வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதே காரணம். அந்தப் பட்டியலை எமிஸிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சான்று வேண்டுமென்றால் தனித்தனியாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வீட்டுக்கு அனுப்பலாம். நான் தலைமையாசிரியையாக இருந்தபோது, வகுப்பறை வாசலில் நின்று சமூகப் பெயர் சொல்லி யாரையும் அழைக்கக் கூடாது என்று பணியாளர் கூட்டத்தில் முடிவு செய்து குறிப்பேட்டில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். முணுமுணுப்பு இருந்தது, ஆனால் நின்றது.

யானை நின்ற நாளில் தாமதமாக வந்த பிள்ளையை வெளியே நிற்க வைப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அதற்கு ஆய்வுகூடத் தேவையில்லை.

---

கூடலூர் சிறப்பாசிரியர் எழுதியது:

டீச்சர், அந்தச் சிறுமி விஷயத்தில் உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் தயக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் வரிசையாகச் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் காதும் கண்ணும். மலைக்குளிரில் சளி பிடித்து, காதில் சீழ் வடிந்து, வலி போனதும் மறந்துவிட்ட பிள்ளைகள் நம் பகுதியில் ஏராளம். இரட்டைக்கொம்பு ஏகாரத்தையும் ஒற்றைக்கொம்பு எகரத்தையும் பிரித்தறிய முதலில் அந்த நெடிலும் குறிலும் காதில் தெளிவாக விழ வேண்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பார்த்த அட்டையில் இந்தச் சிறுமியின் பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அன்று அவள் வராமல் இருந்திருந்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அப்படி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதே முதல் வேலை.

அடுத்தது எழுத்து. ஆங்கிலம் கற்கும் குழந்தைகளை வைத்து நடந்த வாசிப்பு ஆய்வுகளை அப்படியே எடுத்து, இரண்டாம் வகுப்புக்குள் எழுத்துகள் முடிந்திருக்க வேண்டும் என்று நாம் கணக்குப் போடுகிறோம். சோனாலி நாக் என்ற ஆய்வாளர் கன்னடம் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்தபோது, உயிர்மெய் வரிசைகளையும் அவற்றின் குறியீடுகளையும் முழுதாகக் கைவசப்படுத்த நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று கண்டார். நம் எழுத்துமுறையும் அந்த இனத்தைச் சேர்ந்தது. கொம்பு எழுத்துக்கு முன்னால் எழுதப்பட்டு, பின்னால் ஒலிக்கிறது. "கொ" என்பதில் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் நிற்க, ஒலியோ ஒன்றே. நான்காம் வகுப்பில் அங்கே தடுமாறுவதை மட்டும் வைத்துக் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது. அவள் பள்ளிக்கு வந்த நாள்களை மூன்றாண்டு வருகைப் பதிவேட்டிலிருந்து கூட்டிப் பாருங்கள். மழைக்கும் யானைக்கும் போன நாள்கள் சேர்ந்தால், அவள் உண்மையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை அளவுக்கே பாடம் கேட்டிருக்கலாம்.

மூன்றாவது மொழி. அவள் வீட்டில் பேசும் பணியர் மொழி தமிழ் அல்ல, மலையாளத்துக்கு நெருக்கமான தனிமொழி. மாவட்டத் தலைநகரில் நடக்கும் மதிப்பீட்டில் பயன்படும் பினே-காமத் போன்ற அறிவுத்திறன் சோதனைகளில் சொற்களை நம்பிய கேள்விகள் நிறைய உண்டு. தெரியாத ஊரில், தெரியாத மனிதர், அவளுக்கு இரண்டாம் மொழியான தமிழில் கேட்கும்போது அவள் வாயைத் திறக்காவிட்டால், அந்த மௌனம் அறிவுத்திறன் எண்ணாகப் பதிவாகிவிடும். 1970-ல் கலிபோர்னியாவில் டயானா வழக்கு என்று ஒன்று நடந்தது. வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் போட்டிருந்தார்கள். வழக்குத் தொடுத்த ஒன்பது குழந்தைகளை அவர்களுடைய மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வரம்பைத் தாண்டிவிட்டார்கள். குழந்தைக்குப் பழகிய மொழியில் சோதிக்க வேண்டும் என்று அந்த வழக்கின் உடன்படிக்கையில் எழுதப்பட்டது.

எனவே அவள் குடியிருப்பிலிருந்து வரும் மூத்த மாணவி ஒருத்தியை அருகில் வைத்துக்கொண்டு, ஒரு படத்தைக் காட்டி அவளுடைய மொழியில் கதை சொல்லச் சொல்லுங்கள். கோவையாக, நடந்தது நடந்த வரிசையில் சொல்கிறாளா என்று அந்த மாணவியிடமே கேளுங்கள். அதில் தடையில்லை என்றால், கொம்பு, கால் வரிசைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவள் பேச்சில் வரும் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி, நாளுக்குப் பத்து நிமிடம் ஒரு பருவம் நடத்துங்கள். சொந்த மொழியிலும் தடுமாற்றம் இருக்கிறது, அல்லது பருவம் முழுவதும் நடத்தியும் அசையவில்லை என்றால் தாமதிக்காமல் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் சேர்ந்திருப்பதால் சான்று கிடைத்தால் சலுகைகள் உண்டு, அதைப் பயந்து தள்ளிப்போடுவதும் அவளுக்குத் தீங்குதான். அனுப்பும்போது, வீட்டில் என்ன மொழி, எத்தனை நாள் பள்ளிக்கு வந்தாள், என்ன சொல்லிக்கொடுத்தோம், எங்கே நிற்கிறாள் என்று ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். சோதிப்பவருக்கு அந்த ஒரு பக்கம் சோதனைப் பெட்டியில் பாதிக்குச் சமம்.

---

சேரம்பாடி ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பெட்டியின் சாவி பற்றித் தலைமையாசிரியரிடம் பேசினேன், மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கலாம் என்றார். அம்மா சொன்ன எழுந்து நிற்கும் காட்சி எங்கள் பள்ளியிலும் நடப்பதுதான், அதையும் அதே கூட்டத்தில் வைக்கிறேன்.

சிலேட்டு முறையைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் பலித்ததா என்று எப்படி அறிவது என்ற கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. சென்ற ஆண்டு ஏழாம் வகுப்போடு ஒப்பிடலாமா? அந்த வகுப்பில் இருந்தவர்களே வேறு.

---

உதகை ஆய்வு மாணவர் எழுதியது:

வணக்கம். நான் கல்வி உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். சென்ற ஆண்டு வகுப்போடு ஒப்பிட வேண்டாம். பிள்ளைகள் வேறு, மழை வேறு, கேள்வித்தாள் வேறு.

இதற்கு நல்ல வழி, ஆலோசகர் சொன்ன ரோடிகர் பின்னாளில் பங்கேற்ற ஒரு பள்ளி ஆய்விலேயே இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் கல்லூரி மாணவர்களிடம் கண்டது உண்மையான வகுப்பில் நிற்குமா என்று பார்க்க, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்துக்கு அவர்கள் போனார்கள். 2011-ல் அது வெளியானது. வகுப்பை இரண்டாகப் பிரிக்கவில்லை, பாடத்தைப் பிரித்தார்கள். ஓர் இயலில் உள்ள செய்திகளில் சிலவற்றுக்கு மட்டும் இடையிடையே சிறு வினாக்கள் வைத்து, மற்றவற்றை வழக்கம்போல் நடத்திவிட்டு விட்டார்கள். தேர்வில் இரண்டு வகையும் கேட்கப்பட்டன. வினா வைத்த பகுதியில் அதே பிள்ளைகள் கூடுதலாக எழுதினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன்னோடு தானே ஒப்பிடப்படுவதால், யார் கெட்டிக்காரர் என்ற குழப்பம் இதில் வராது. எந்தப் பிள்ளைக்கும் முறை மறுக்கப்படவில்லை என்பதும் எனக்குப் பிடித்த அம்சம்.

உங்களுக்கு இது எளிதாகவே ஆகும். ஒரு பாடத்தில் முக்கியச் செய்திகள் பன்னிரண்டை எழுதிக்கொள்ளுங்கள். ஆறை எடுத்துக்கொள்வதை நீங்கள் தீர்மானிக்காமல் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் எளிதானவை தாமாகவே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். அந்த ஆறுக்கு மட்டும் சிலேட்டு வினா, வாரத்துக்கு ஒருமுறை. பருவத் தேர்வை ஒட்டிப் பன்னிரண்டையும் கேட்டு, வினா வைத்தவை, வைக்காதவை என இரண்டு பத்தியாக எண்ணிப் பாருங்கள். வினா நடந்த நாளில் வராத பிள்ளையின் பெயருக்கு நேராக ஒரு குறி போட்டுக்கொண்டால், அவர்களைத் தனியாகவும் பார்க்கலாம். வராதவர்களிடம் இரண்டு பத்தியும் ஒரே மாதிரி இருந்து, வந்தவர்களிடம் மட்டும் வேறுபாடு தெரிந்தால் அது வினாவின் வேலை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஒரு வகுப்பு, ஒரு பாடம் என்பதால் அதற்கு மேல் துணிய வேண்டாம்.

வேறுபாடு எதுவும் தெரியாவிட்டால் அதையும் எழுதி வையுங்கள். பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஆசிரியர்களைக் கொண்டு மனநிறைகவனப் (மைண்ட்ஃபுல்னெஸ்) பயிற்சி நடத்தி, வழக்கமான முறையைவிட அது மேலானதல்ல என்று 2022-ல் வெளியிட்டார்கள். அத்தனை பெரிய செலவுக்குப் பிறகும் இல்லை என்பதை இல்லை என்றே எழுதினார்கள். நம் ஊர்ப் பயிற்சிகளில் இந்த மாதிரி முடிவுகளை யாரும் திரையில் போடுவதில்லை. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் உங்கள் இரண்டு பத்தியை வைத்தால், எப்படி வந்திருந்தாலும், அன்றைய கூட்டத்துக்கு ஒரு வேலை இருக்கும்.

---

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கோத்தகிரி எழுதியது:

ஆய்வு மாணவர் சொன்னதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பன்னிரண்டு செய்தியையும் சீட்டுக் குலுக்கியதையும் உங்கள் பாடக்குறிப்பேட்டிலேயே எழுதுங்கள், தனிப் பதிவேடு திறக்காதீர்கள். தனிப் பதிவேடு திறந்தால் அடுத்த ஆண்டு அதை எல்லாப் பள்ளியும் பராமரிக்கச் சொல்லி ஆணை வந்துவிடும்.

---

சேரம்பாடி ஆசிரியை எழுதியது:

அம்மா சொன்னபடியே செய்கிறேன். புதன்கிழமை முதல் பாடவேளையில் பிள்ளைகள் குறைவாக இருப்பதால் கடைசிக்கு முந்திய பாடவேளையைச் சிலேட்டு வினாவுக்கு வைத்துக்கொள்கிறேன். சிறப்பாசிரியர் அவர்கள் எங்கள் பக்கம் வரும் நாளைச் சொன்னால், அந்தச் சிறுமியையும் ஏழாம் வகுப்பில் படிக்கும் அவள் அத்தை மகளையும் வரச் சொல்லி வைக்கிறேன்.

---

கூடலூர் சிறப்பாசிரியர் எழுதியது:

புதனன்று எருமாடு என்ற ஊரில் இருப்பேன் டீச்சர், வியாழன் காலை வருகிறேன். மருத்துவ அட்டையையும் மூன்றாண்டு வருகைப் பதிவையும் எடுத்து வையுங்கள். படம் எதுவும் தேட வேண்டாம், யானை, ஓடை, தேன்கூடு வரும் படங்கள் என்னிடம் இருக்கின்றன, கொண்டுவருகிறேன்.